பழைய கம்ப்யூட்டருக்கு இரண்டாவது மூளை!

குமரி மாவட்டத்தில் முட்டம், குளச்சல் கடற்கரைக்குப் போனவர்கள் எஞ்சின் பூட்டிய வள்ளங்களைப் பார்த்திருப்பார்கள். முன்பு துடுப்பாலும் பாயாலும் ஓடியவைதான் அவை. 1980-களில் பின்புறத்தில் எஞ்சினைப் பூட்டினார்கள். வள்ளம் விரைந்து ஓடியது!

பழைய கம்ப்யூட்டருக்கும் இப்படி "எஞ்சின்" பூட்டலாம். கணக்குப் போடும் "பிராசசர்" என்ற சிப்தான் கம்ப்யூட்டரின் மூளை. பெட்டியைத் தூக்கி எறியாமல், இன்னொரு மூளையைச் சேர்த்தால் போதும்.

இன்றைய செல்போனின் மூளைகூட அப்படி ஒரு சோதனையில்தான் கண் விழித்தது. அது ஒரு சுவையான கதை!

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்

இங்கிலாந்தில் உள்ள பி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனம், பொதுமக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க விரும்பியது. அதற்காகக் கேம்பிரிட்ஜ் நகரின் ஏகார்ன் கம்பெனி ஒரு கம்ப்யூட்டரைச் செய்தது. 1981 டிசம்பரில் அது வெளிவந்தது. பெயர், பி.பி.சி. மைக்ரோ.

இந்தியாவுக்கும் அது வந்தது. 1984-ல் மத்திய அரசு "கிளாஸ்" என்ற திட்டத்தைத் தொடங்கி, முதலில் 250 பள்ளிகளில் இந்தக் கம்ப்யூட்டரை வைத்தது.

அதன் மூளை, 6502 என்ற சிப். விநாடிக்கு 20 லட்சம் முறை துடிக்கும். நினைவாற்றல் 32 கிலோபைட். திரையில் படம் காட்டவே அதில் 20 கிலோபைட் வரை போய்விடும். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது!

அடிப்பக்கத்தில் ஒரு வாசல்

அதைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு வாசல் விட்டிருந்தார்கள். அதற்கு "டியூப்" என்று பெயர். அதில் பட்டை ஒயரை மாட்டி, இன்னொரு மூளையை இணைக்கலாம்.

அப்படியானால் பழைய மூளைக்கு வேலை இல்லையா? உண்டு! எந்த எழுத்தை அழுத்துகிறோம் என்று அது கவனிக்கும். திரையில் எழுதும். ஒலி எழுப்பும். கணக்கை மட்டும் புதிய மூளை போடும்.

கல்யாண வீட்டில் சமைப்பவர் வேறு, பரிமாறுபவர் வேறு. ஒருவரே இரண்டையும் செய்தால் பந்தி நகருமா?

ஏகார்ன் விற்ற இரண்டாவது மூளை விநாடிக்கு 30 லட்சம் முறை துடித்தது. அதற்குச் சொந்தமாக 64 கிலோபைட் நினைவாற்றலும் இருந்தது.

பொருத்துவது எப்படி?

முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

புதிய மூளையோடு பேசுவதற்குப் பெட்டிக்குள் ஒரு சிப் வேண்டும். அது இல்லையென்றால், 4 திருகுகளைக் கழற்றி, மூடியைத் திறந்து செருக வேண்டும். நம் உடம்பில் தேங்கும் மின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும். ஆகவே, எர்த் செய்த இரும்பைத் தொட்ட பிறகே சிப்பைத் தொட வேண்டும். சிப்பைத் திசை மாற்றிச் செருகினாலும் ஆபத்து.

பிறகு பட்டை ஒயரை டியூப் வாசலில் மாட்ட வேண்டும். சுவிட்சைப் போட்டதும் திரையில் "டியூப்" என்ற பெயர் தோன்றினால் வெற்றி!

எச்சரிக்கை!

40 வயது எந்திரம் அல்லவா? மின்சாரம் வரும் பகுதியில் உள்ள பழைய கெப்பாசிட்டர்கள் வெடிப்பு விட்டு, ஈரம் புகுந்திருக்கும். சுவிட்சைப் போட்டால் அவை வெடித்து, அறையெங்கும் புகை சூழ்ந்துவிடும். விவரம் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு முதலில் அவற்றை மாற்றுவதே நல்லது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே மின்சாரம் தேங்கி நிற்கலாம். குழந்தைகள் தொடவே கூடாது.

மின்சாரம் கொடுக்காமலே ஓடியது!

ஏகார்ன் கம்பெனி இன்னும் வேகமான மூளையைத் தேடியது. கடைசியில் தானே ஒன்றைச் செய்யத் துணிந்தது. சோபி வில்சன், ஸ்டீவ் பர்பர் என்ற இருவர் அதை வடிவமைத்தார்கள்.

1985 ஏப்ரல் 26-ந் தேதி முதல் சிப் வந்தது. பி.பி.சி. மைக்ரோவின் டியூப் வாசலில் இணைத்தார்கள். ஓடியது!

அது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று பர்பர் அளந்து பார்த்தார். மீட்டர் முள் அசையவில்லை. காரணம் தெரிந்தபோது வியப்பு! மின்சாரம் கொடுக்கும் இணைப்பே இல்லை. மற்ற கம்பிகள் வழியாகக் கசிந்த மின்சாரமே அதற்குப் போதுமானதாக இருந்தது!

அந்தச் சிப்பின் பெயர் "ஆர்ம்". அதன் வழிவந்த சிப்கள்தான் இன்று ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட்போன்களிலும் உள்ளன. குறைவாக மின்சாரம் தின்பதால் பாட்டரி சீக்கிரம் தீர்வதில்லை. குளச்சல் மீனவர் கையில் உள்ள போனுக்கும் அதுவே மூளை.

பேரன் வந்தான்

பழைய பி.பி.சி. மைக்ரோவைப் போற்றி வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் டியூப் வாசலில் "ராஸ்பெர்ரி பை சீரோ" என்ற குட்டிக் கம்ப்யூட்டரை இணைக்கிறார்கள். 2015-ல் வந்த அது, உள்ளங்கைக்குள் அடங்கும். பழைய பெட்டியின் 5 வோல்ட் அதற்குத் தாங்காது. ஆகவே, 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் சிறு பலகையை இடையில் வைக்கிறார்கள். அது 6502 போலவே நடித்து, பல பத்து மடங்கு வேகத்தில் கணக்குப் போடுகிறது.

அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரின் மூளை எது தெரியுமா? அதுவும் ஆர்ம்தான்!

எந்த வாசலில் ஆர்ம் முதன்முதலில் கண் விழித்ததோ, அதே வாசல் வழியாக அதன் பேரன் திரும்பி வந்து, கிழப்பெட்டிக்குத் தோள் கொடுக்கிறான்.