வீட்டுக்கு முன் ஒரு வருடம்: ஓய்வுக்குப் பின் தருமபுரிக்கு வருகிறவர்களுக்கு

பெங்களூரிலோ ஓசூரிலோ சென்னையிலோ முப்பது, முப்பத்தைந்து வருடம் உழைத்துவிட்டு, பணி ஓய்வுக்குப் பிறகு தருமபுரி மாவட்டத்துக்குக் குடிவருகிறவர்கள் உண்டு. சிலருக்கு அது பிறந்த ஊர், சிலருக்கு வாழ்க்கைப்பட்ட ஊர். மலையும் மாந்தோப்பும் பிடித்துப்போய்ப் புதிதாக வருகிறவர்களும் இருக்கிறார்கள். வந்ததும் கையில் இருக்கும் பணிக்கொடையை எடுத்து வாசக்கால் வைத்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் பொது. அதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். அந்த ஒரு வருடம் வாடகை வீட்டில் இருங்கள். அண்ணன் தம்பி வீட்டு மாடியில் வேண்டாம், தனி வீடாகப் பாருங்கள்.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஹோம்ஸும் ராஹேயும் 1967இல் ஒரு பட்டியல் தயாரித்தார்கள். வாழ்க்கையில் நேரும் 43 மாற்றங்களுக்கு, அவை மனிதரை எவ்வளவு உலுக்குகின்றன என்று மதிப்பெண் போட்டார்கள். துணையை இழப்பதற்கு 100. பணி ஓய்வுக்கு 45. வீடு மாறுவதற்கு 20. ஓய்வையும் இடமாற்றத்தையும் ஒரே மாதத்தில் வைத்துக்கொள்கிறவர் இரண்டு சுமையையும் ஒன்றாகத் தூக்குகிறார். ஓய்வுக்காலத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி, தொடக்கத்தில் தேனிலவு போல ஒரு காலம் இருக்கும், அதற்குப் பின் ஒரு சோர்வு வரும், அதைத் தாண்டித்தான் புது வாழ்க்கை நிலைக்கும் என்று விளக்கினார். எல்லோருக்கும் இதே வரிசையில் நடக்காது என்பதையும் சொல்லியிருந்தார். ஆனாலும் ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மத்தியான வேளையில் "ஏன்தான் வந்தோமோ" என்று தோன்றினால், முடிவு தப்பு என்று உடனே எண்ணிவிடாதீர்கள். அது வந்து போகும். அந்த நேரத்தில் பாதி கட்டிய வீடு தலைமேல் இல்லாமல் இருந்தால் அதைக் கடப்பது சுலபம்.

இன்னொரு காரணம், ஊரைப் பார்க்கும் பருவம். பலரும் மார்கழி, தையில் வந்து, குளிர்ந்த காற்றிலும் நிரம்பிய கிணற்றிலும் மனம் நிறைந்து, மனைக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். சித்திரையில் வந்து பாருங்கள். பக்கத்துத் தோட்டத்தில் போர் எத்தனை அடி, வெயில் காலத்தில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேளுங்கள். மனை விற்பவரைவிட அந்தத் தோட்டக்காரர் சொல்லும் பதில்தான் உங்களுக்கு வேண்டியது.

தண்ணீர் என்றதும் அளவை மட்டும் பார்த்தால் போதாது. தருமபுரியில் அதன் தன்மைதான் பெரிய விஷயம். இந்த மாவட்டத்தின் அடியில் இருப்பது கடினப் பாறை. அந்தப் பாறையில் உள்ள சில கனிமங்களிலிருந்து புளோரைடு மெல்லக் கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இந்திய தர நிர்ணயம் 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது. மாவட்டத்தின் பல ஊர்களில் போர் தண்ணீர் இந்த எல்லையைத் தாண்டும். அதனால்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம், ஜப்பானின் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில் எடுத்துக்கொள்ளப்பட்டு, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே நோயின் பெயரும் சேர்ந்திருக்கிறது.

இங்கேயே வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்திருப்பீர்கள். பல்லின் மேற்பூச்சு உருவாகும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்ததன் அடையாளம் அது. அறுபதில் குடிவருகிறவரின் பல்லுக்கு அந்தக் கறை வராது. ஆனால் எலும்பு தப்பாது. உடம்பில் சேரும் புளோரைடை வெளியேற்றுவது சிறுநீரகம். வயது ஏற ஏற அதன் வேகம் குறையும், புளோரைடு எலும்பில் தங்கும். மூட்டு இறுகுவதும் முதுகு வலிப்பதும் வயதின் கோளாறு என்று நினைத்து வருடக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும். சாதாரண மெழுகுவர்த்தி வடிகட்டியும் உதவாது. ஆர்.ஓ. இயந்திரம் நீக்கும். குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர் நல்லது, ஆனால் உங்கள் தெருக்குழாயில் வருவது முழுக்க அந்தத் தண்ணீரா, போர் தண்ணீரும் கலந்ததா என்று ஊராட்சியில் விசாரியுங்கள். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். கூரையில் விழும் மழைநீரில் புளோரைடு இல்லை. வீடு கட்டும்போது அதற்கென்று தனித் தொட்டி ஒன்று வைத்துக்கொண்டால் சமையலுக்காவது ஆகும்.

சமையலைத்தான் பலர் மறக்கிறார்கள். குடிக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்கிவிட்டு, சோற்றுக்கும் களிக்கும் போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். களி கிண்டும்போது ஊற்றிய தண்ணீர் முழுவதும் களிக்குள்தான் போகிறது. குடிக்கும் தண்ணீரும் உலைத் தண்ணீரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சின்ன ஆறுதலும் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், புளி சேர்த்துக்கொண்ட சிறுவர்களின் சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறியதை 2002இல் பதிவு செய்தார்கள். புளிக்குப் பேர்போன மாவட்டத்துக்கு அது நல்ல செய்திதான். ஆனால் புளிக்குழம்பை நம்பித் தண்ணீரை விட்டுவிட முடியாது.

அடுத்தது மருத்துவம். தருமபுரி நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதற்கும் மேல் வேண்டுமானால் சேலம், பெங்களூரு. பக்கவாதம் வந்தவருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். ஆகவே வத்தல்மலையில் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு வீடு என்று ஆசைப்படுகிறவர், ராத்திரி இரண்டு மணிக்கு அங்கிருந்து நகருக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு முறையாவது வண்டியில் வந்து பார்த்துக்கொள்வது நல்லது. மலைவீடு எழுபது வயது வரை இனிக்கும், அதற்குப் பிறகு பயமாகிவிடும் என்பது என் எண்ணம். சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வந்த வாரமே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும்.

காகித வேலைகளை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் முகவரி மாற்றம், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8, வங்கிக் கணக்கின் கிளை. மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். கைபேசியில் முகத்தைக் காட்டியே முடியும், இல்லையென்றால் தபால்காரரை வீட்டுக்கு வரச் சொல்லலாம். மாநில அரசு ஓய்வூதியர்களுக்குக் கருவூல நேர்காணல், அவர்கள் ஓய்வு பெற்ற மாதத்தில். பூர்வீகச் சொத்து கூட்டுப் பட்டாவில் இருந்தால், கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் இருக்கும்போதே உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிடுங்கள். பிள்ளைகள் காலத்தில் அது வழக்காகிவிடும்.

ஒரு விஷயத்தை நின்று சொல்ல வேண்டும். "சொந்த ஊருக்குப் போகிறோம்" என்று கணவர் சொல்லும்போது, அது பெரும்பாலும் அவருடைய ஊர். அந்த அம்மாவுக்கு அது மாமியார் வீட்டு ஊர். முப்பது வருடமாக நகரத்தில் அவர் சேர்த்த அக்கம்பக்கம், காலையில் கூட நடந்த சிநேகிதிகள், பழகிய காய்கறிக் கடை எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. அவருக்குப் பணி ஓய்வும் கிடையாது, இங்கே வந்தால் சொந்தக்காரர்கள் வரப்போக சமையல் கூடத்தான் செய்யும். உண்மையில் இடம்பெயர்கிறவர் அவர்தான். அதனால் எந்தத் தெருவில் வீடு என்பதை அவர் முடிவு செய்யட்டும். பேருந்து நிறுத்தத்துக்கும் மருந்துக்கடைக்கும் அவர் தனியாக நடந்து போய்வரும் தூரமாக இருக்கட்டும். வீடு இருவர் பெயரிலும், வங்கிக் கணக்கு இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும்படியும் இருக்கட்டும். ஒருவர் போன பிறகு மற்றவர் அந்த வீட்டில் தனியாக வாழ முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். பேசக் கஷ்டமாகத்தான் இருக்கும், இருந்தாலும் பேசிவிடுங்கள்.

ஊரோடு சேர்வது எப்படி? இந்த மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி 1993இல் அரூர்ப் பக்கம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே உள்ள சிட்டிலிங்கிக்கு வந்தார்கள். அவர்கள் ஓய்வு பெற்று வரவில்லை, இளவயதில் வந்தவர்கள். ஆனாலும் வெளியிலிருந்து வருகிற யாருக்கும் அவர்களிடம் கற்றுக்கொள்ள இருக்கிறது. கூரைக் கொட்டகையில் மருத்துவமனையைத் தொடங்கி, அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களுக்கே செவிலியர் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு ஊர்க்காரர்களோடு பேசிப் பேசித்தான் இயற்கை விவசாயச் சங்கமும், லம்பாடிப் பெண்களின் 'போர்கை' தையல் வேலையும் வந்தன. ஊரைத் திருத்தப் போகிறேன் என்று வராமல், ஊரைக் கேட்டு வேலை செய்தார்கள்.

ஓய்வு பெற்று வருகிறவருக்கும் அதுவே வழி. முதல் வருடம் கோயில் கமிட்டியிலோ சங்கத்திலோ பதவி வேண்டாம். வங்கியில் இருந்தவர் நாலு பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம், ஆசிரியராக இருந்தவர் சாயங்காலம் பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லலாம். காரிமங்கலம் வாரச்சந்தைக்கும் தகடூர் புத்தகத் திருவிழாவுக்கும் போய் வாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். வெளியூரில் இருந்த காலத்தில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கள் செய்தீர்கள், யாருக்கு விட்டுப்போனது என்பது உங்களுக்கு மறந்திருக்கும், அவர்களுக்கு மறந்திருக்காது. விட்டுப்போன மொய்யை இப்போது செய்துவிடலாம். போகாமல் விட்ட சாவு வீடுகளுக்கு, காலம் கடந்திருந்தாலும் ஒரு நாள் போய் உட்கார்ந்து வாருங்கள்.

வந்த புதிதில் டீக்கடையில் எல்லோரும் கேட்பது "எப்ப வந்தீங்க? எப்ப கெளம்பறீங்க?" என்றுதான். இனிமேல் இங்கேதான் என்று சொன்னாலும் அடுத்த வாரம் அதையே கேட்பார்கள். வருத்தப்படாமல் பதில் சொல்லிக்கொண்டே இருங்கள். "என்னங்க, நேத்து ஆளையே காணோம்?" என்று யாராவது கேட்கும் நாளில் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பேசலாம்.