நடக்காத ஆட்டத்தின் கணக்கு

“அமெரிக்க பேஸ்பால் செய்திகளில் பிட்சர் 6.1 இன்னிங்ஸ் வீசினார், 6.2 இன்னிங்ஸ் வீசினார் என்று போடுகிறார்கள். 6.3 மட்டும் ஏன் வருவதே இல்லை?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. அந்தப் புள்ளி தசமப் புள்ளி இல்லை. ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். 6.2 என்றால் ஆறு முழு இன்னிங்ஸும் மேற்கொண்டு இரண்டு அவுட்டும். மூன்றாவது அவுட் விழுந்தால் 7 ஆகிவிடும்.

பிட்சரை எடைபோடும் ‘எர்ன்ட் ரன் ஆவரேஜ்’, அதாவது இ.ஆர்.ஏ., இந்த அவுட்டுகளின் மேல்தான் நிற்கிறது. ஒன்பது இன்னிங்ஸுக்கு 27 அவுட். பிட்சரின் பொறுப்பில் விழுந்த ரன்களை 27ஆல் பெருக்கி, அவர் எடுத்த மொத்த அவுட்டுகளால் வகுக்க வேண்டும். 1968இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பாப் கிப்சன் 304.2 இன்னிங்ஸ் வீசினார்; 914 அவுட். அவர் பொறுப்பில் 38 ரன். விடை 1.12.

வரலாறு சுருக்கம்தான். கிரிக்கெட் செய்தி எழுதி வந்து பேஸ்பாலுக்குத் தாவிய ஹென்றி சாட்விக், 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சிந்தனைக்கு வித்திட்டார். நேஷனல் லீக் 1912இலும் அமெரிக்கன் லீக் 1913இலும் இதை அதிகாரபூர்வமாக ஏற்றன.

என்னைச் சொக்க வைப்பது ‘பொறுப்பில்’ என்ற அந்தச் சொல்தான். 1968இல் கிப்சன் வீசியபோது எதிரணிகள் எடுத்தவை உண்மையில் 49 ரன். மீதி 11 எங்கே போயின?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பிட்சர் சமையல்காரர், ஃபீல்டர்கள் பரிமாறுகிறவர்கள். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியைக் கவிழ்த்தால் சமையல்காரரைக் குறை சொல்வதில்லை. பேஸ்பால் ஸ்கோரர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஃபீல்டரின் பிழை நடக்காமல் இருந்திருந்தால் இந்த இன்னிங்ஸ் எப்படிப் போயிருக்கும் என்று, நடக்காத ஆட்டத்தை மனத்துக்குள் நடத்திப் பார்க்கிறார். இரண்டு அவுட் ஆகிவிட்டது. அடுத்து வந்த சுலபமான பந்தை ஃபீல்டர் தவறவிடுகிறார். அதற்கடுத்தவர் ஹோம் ரன் அடிக்கிறார். அந்த இரண்டு ரன்னும் பிட்சர் கணக்கில் சேராது. அதே இன்னிங்ஸில் அவரே இன்னும் ஐந்து ரன் கொடுத்தாலும் சேராது. ஏனென்றால் நியாயப்படி அந்தப் பந்தி எப்போதோ எழுந்திருக்க வேண்டும்!

நடுவில் சமையல்காரர் மாறினால்? முதலாமவர் அடுப்பில் விட்டுப்போன பாயசம் அடிப்பிடித்தால், கரண்டி யார் கையில் இருந்தாலும் பழி முதலாமவருக்கே. அவர் காலத்தில் பேஸில் ஏறியவர்கள் பிறகு ரன் எடுத்தால், அது அவர் கணக்கு. ஆனால் வாளி கவிழ்ந்த பிறகு வந்தவருக்கு, அந்தப் பிழையைக் காட்டித் தப்பிக்கும் சலுகை இல்லை. தான் பேஸில் ஏற்றியவர்களின் ரன்னுக்கு அவரே பொறுப்பு. அதனால் ஒரே ரன் புதிய பிட்சரின் கணக்கில் ஏறும். அணியின் இ.ஆர்.ஏ. கணக்கில் ஏறாது. பிட்சரே பந்தைத் தவறவிட்டாலும் அதுவும் பிழைதான். சமையல்காரரே வாளியைக் கவிழ்த்தாலும் சமையலைக் குறை சொல்வதில்லை.

ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. வாளியைக் கவிழ்த்தவர் கண்ணில் படுவார். இலைப்பக்கமே வராதவர் படமாட்டார். மெதுவாக ஓடி, பந்தை எட்டவே முடியாத ஃபீல்டருக்குப் பிழை எழுதப்படாது. அந்த ரன் பிட்சர் தலையில் விழும். அடிபட்ட பந்து மைதானத்துக்குள் வந்தபின் அது அவுட்டாகுமா என்பதில் பிட்சரின் கை குறைவு என்று 2001இல் வோரோஸ் மெக்கிராக்கன் வாதாடினார். ஸ்ட்ரைக்-அவுட், வாக், ஹோம் ரன் போன்ற, ஃபீல்டர்களின் கை படாதவற்றை மட்டும் எண்ணும் அளவைகள் அதன் பிறகு வலுப்பெற்றன.

சீசன் தொடக்கத்தில் ‘0.00’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வந்தால் நம்பிவிடாதீர்கள். பத்து இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காதவர் அடுத்த இன்னிங்ஸில் நான்கு கொடுத்தால் 3.27க்கு வந்துவிடுவார். அதே நான்கு ரன் கிப்சனின் 1.12ஐ 1.24 ஆக்கியிருக்கும், அவ்வளவுதான். காலத்தையும் பாருங்கள். கிப்சன் வீசிய ஆண்டில் நேஷனல் லீக்கின் சராசரியே ஏறக்குறைய 3. பிட்சர்களின் கை அவ்வளவு ஓங்கியதால், மறு ஆண்டே பந்து வீசும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். 2000இல் அமெரிக்கன் லீக் சராசரி ஏறக்குறைய 4.9 ஆக இருந்தபோது பெட்ரோ மார்ட்டினெஸ் எடுத்தது 1.74. எனக்கு அதுதான் பெரிய சாதனை.

அந்த 11 ரன்னையும் சேர்த்தால் கிப்சனுக்கு 1.45. எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வது 1.12தான். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே, நடக்காத ஆட்டங்களைப் பொறுமையாக ஆடிப் பார்த்த ஸ்கோரர்களின் தீர்ப்பு இருக்கிறது.