குழந்தை உண்ண மறுத்தால்

வட்டார வளர்ச்சி அலுவலர், சாத்தான்குளம்

சாத்தான்குளம் வட்டாரத்துத் தேரி மண்ணிலே முருங்கை செழித்து வளர்வதை யாவரும் அறிவர். காய் சந்தைக்குச் செல்லுகிறது. கீரையோ மரத்திலேயே பழுத்து உதிர்கிறது. அம்மரத்தடியில் விளையாடும் குழந்தையின் தட்டில் அதற்கு இடமில்லை. "எங்கள் பிள்ளை கீரையைத் தொடவே மாட்டான்" என்று தாய்மார் பலர் கூறக் கேட்டிருக்கிறேன். உணவில் இரும்புச் சத்துக் குறைந்தால் இரத்தசோகை உண்டாகும். குழந்தை சோர்ந்து, படிப்பிலும் பின்தங்கும்.

குழந்தை மறுப்பது ஏன்? இரண்டு வயது முதல் ஆறு வயது வரை, அறியாத உணவைக் கண்டு விலகுவது பெரும்பாலான குழந்தைகளுக்கு இயல்பு. நடக்கத் தொடங்கிய குழந்தை கண்டதையெல்லாம் வாயிலிட்டு நஞ்சுண்டுவிடாதபடி இயற்கை அமைத்த காவல் இது எனக் கருதுவர் அறிஞர். ஆதலின் இது பிடிவாதமன்று. தாயின் சமையற்குறையும் அன்று. ஒரே உணவைப் 10, 15 முறை சிறிது சிறிதாகச் சுவைத்த பின்னரே பல குழந்தைகள் அதனை ஏற்கின்றன. நாமோ மூன்றாம் முறையிலேயே கைவிட்டு விடுகிறோம்.

என் மகனுக்கு நான்கு வயதானபோது, கீரையை உண்டால்தான் கருப்பட்டி மிட்டாய் என்று ஆணையிட்டேன். கீரை தண்டனை, மிட்டாயே பரிசு என்று அவன் கற்றுக்கொண்டான்! என் தாயார்தாம் இதனைத் திருத்தினார். கீரையை அவனையே உருவச் செய்து, அடை மாவிலே ஒரு பிடி கலந்து சுட்டு, தாமும் உடனிருந்து உண்டார். வற்புறுத்தி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சில வாரங்களில் அவன் தானே கேட்டு வாங்கி உண்ணலானான்.

இல்லந்தோறும் கைக்கொள்ளத்தக்கவை இவை:

1. பசித்த வேளையில், பழகிய உணவோடு புதியதை ஒரு கரண்டி மட்டும் வைத்தல். அதற்கு முன் முறுக்கும் தேநீரும் வேண்டா.

2. அச்சுறுத்தலும் ஆசை காட்டுதலும் இன்றி, பெரியோரும் அதையே உடன் உண்ணுதல்.

3. கீரையோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தல். இவற்றிலுள்ள வைட்டமின் 'சி', இரும்புச் சத்து உடலிற் சேர உதவும்.

4. குழந்தையின் எடை குறைந்தாலோ, விழுங்க இயலாமல் துன்புற்றாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுதல்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் இதிலே பெரும் பங்குண்டு. காமராசர் ஆட்சியில் 1956-ஆம் ஆண்டு பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1 முதல் சத்துணவு, பள்ளி செல்லாச் சிறு குழந்தைகளுக்கும் கிடைக்கலாயிற்று. இவை பசியாற்றியதோடு, குழந்தைகளை ஒரே பந்தியில் அமரவும் செய்தன. வீட்டிலே மறுக்கும் குழந்தை, அருகிலுள்ள தோழன் உண்ணக் கண்டு தானும் வாயில் வைக்கும். ஆதலின் அங்கன்வாடிக்கு ஒருமுறையேனும் உணவு வேளையில் செல்லுங்கள்; தட்டில் மிஞ்சுவது எது என்று பாருங்கள்; அங்கே நான்கு முருங்கைப் போத்துகளை நட்டு, தண்ணீருக்கும் வழி செய்யுங்கள்.

நட்ட போத்து துளிர்க்கும்வரை உழவர் பொறுத்திருக்கிறார். மறுநாளே பிடுங்கிப் பார்ப்பதில்லை. அப்பொறுமையில் ஒரு பங்கைத் தம் குழந்தையின் நாவுக்கும் அவர் வழங்குவாராக.