படம் எடுக்கும் முன்பே: கேமராவின் ஜேபெக் அமைப்புகள்

குடும்ப நிகழ்வுகளைப் பதிவுசெய்ய நல்ல டிஜிட்டல் கேமரா வாங்குவோரில் பலர் அதன் மெனுவைத் திறந்து பார்ப்பதில்லை. குறையிருப்பின் பின்னர் கணினியில் திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணுகின்றனர். ஜேபெக் படங்களில் அது ஓரளவுக்கே இயலும்.

கேமராவின் சென்சார் ஒளியைப் பொதுவாக 12 அல்லது 14 பிட் அளவில் பதிவுசெய்கிறது. 14 பிட் எனில் 16,384 படிநிலைகள். ஜேபெக் கோப்பிலோ ஒரு வண்ணத்துக்கு 256 படிநிலைகளே உண்டு. நிறம், கூர்மை முதலியவற்றைக் கேமராவே முடிவுசெய்து, படத்தைச் சுருக்கிச் சேமித்து, மற்ற விவரங்களைக் கைவிடுகிறது. கைவிடப்பட்டவை மீண்டும் கிடைப்பதில்லை. ஆகவே பின்வருவனவற்றை முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

தரம்: 'ஃபைன்', 'லார்ஜ்' ஆகியவற்றையே தேர்ந்தெடுங்கள். ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அளவுமீறிச் சுருக்கினால் வானம், சுவர் போன்ற பரப்புகளில் அக்கட்டங்கள் தென்படும்.

ஒயிட் பேலன்ஸ்: மஞ்சள் குண்டு விளக்கொளியில் 'ஆட்டோ' அமைப்பு எடுக்கும் படங்களில் மஞ்சள் சாயல் எஞ்சக்கூடும். அங்கு 'டங்ஸ்டன்' அமைப்பு பொருந்தும்.

நிறமும் கான்ட்ராஸ்டும்: கேனானில் 'பிக்சர் ஸ்டைல்', நிக்கானில் 'பிக்சர் கன்ட்ரோல்' என்ற பெயரில் இவை உள்ளன. நிறத்தை மிகுதியாகக் கூட்டினால் சிவப்புப் பட்டுப் புடவையின் நெசவு மறைந்து ஒரே சிவப்பாகத் தெரியும். கடும் வெயிலில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறையும். 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'நியூட்ரல்' பாதுகாப்பானது.

கூர்மையும் நாய்ஸ் ரிடக்‌ஷனும்: முன்னதைக் கூட்டினால் உருவங்களின் விளிம்பில் வெண்கோடு தோன்றும். பின்னதைக் கூட்டினால் முகம் மெழுகு பூசியதுபோல் ஆகும். இரண்டையும் நடுநிலையில் வையுங்கள்.

கலர் ஸ்பேஸ்: கைபேசியில் பார்க்கவும் சாதாரண ஸ்டுடியோவில் அச்சிடவும் 'எஸ்ஆர்ஜிபி' ஏற்றது.

திருமணம் போன்று மீண்டும் நிகழாத தருணங்களுக்கு 'ரா + ஜேபெக்' அமைப்பு சிறந்தது. மெமரி கார்டில் கூடுதல் இடம் தேவைப்படும். ஆயினும் 'ரா' கோப்பு மூலப்பத்திரம் போன்றது, ஜேபெக் அதன் நகல். மூலப்பத்திரம் கையிலிருந்தால் எத்தனை நகலும் எடுத்துக்கொள்ளலாம். ஒயிட் பேலன்ஸைக்கூடப் பின்னர் மாற்றலாம்.

நிகழ்ச்சி தொடங்குமுன் அதே விளக்கொளியில் இரண்டு மூன்று படங்கள் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த ஐந்து நிமிடம், அன்றைய படங்கள் அனைத்தையும் காக்கும்.