அரக்கன் திறந்த கதவு

பாட்டியின் மடியில் தலை வைத்துக் கதை கேட்ட எவருக்கும் ஒரு சந்தேகம் தோன்றியிருக்கும். மலை போன்ற ராட்சதனைச் சாதாரண மனிதன் ஒருவன் எவ்வாறு வென்றான் என்பதே அது. பாட்டியின் விடை எப்பொழுதும் ஒன்றுதான்: "அவனுக்குப் புத்தி இருந்தது, பிழைத்தான்." ஒருவரையொருவர் கண்டறியாத பற்பல தேசத்துப் பாட்டிமாரும் இதே விடையைக் கூறி வந்திருக்கின்றனர். அத்தகைய கதைகளுள் ஒற்றைக்கண் அரக்கனின் கதை மிகவும் பிரசித்தி பெற்றது.

கிரேக்க மகாகவி ஹோமர் பாடியதாகக் கூறப்படும் 'ஒடிஸி' காவியத்தின் 9-வது காண்டத்தில் அது வருகிறது. டிராய் யுத்தம் முடிந்து ஊர் திரும்பும் ஒடிஸியஸ், தோழர் 12 பேருடன் பாலிபீமஸ் என்னும் அரக்கனின் குகைக்குள் நுழைகிறான். வந்தவர்க்கு விருந்திட வேண்டியவன், வந்தவர்களையே விருந்தாக்கிக் கொள்கிறான். வேளைக்கு இருவராக ஆறு பேர் அவனுக்கு இரையாகின்றனர். அவன் உறங்குகையில் வாளால் குத்திக் கொன்றுவிடலாகாதா என்று நாம் நினைப்போம். ஒடிஸியஸும் அவ்வாறே நினைத்தான். ஆனால் குகை வாயிலை அடைத்திருந்த பாறையோ 22 வண்டிகளாலும் அசைக்க முடியாதது. அரக்கன் மாண்டால் அதை நீக்குவார் யார்? கதையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. அரக்கனைக் கொல்வது வெற்றியன்று. அவன் கையாலேயே கதவைத் திறக்கச் செய்வதே வெற்றி.

ஆகவே ஒடிஸியஸ் அவனுக்கு மதுவை ஊட்டினான். தன் பெயர் 'ஒருவனுமில்லை' என்று சொல்லி வைத்தான். மயங்கிக் கிடந்தவனின் கண்ணில், நெருப்பில் காய்ச்சிய ஒலிவ மரக் கழியைப் பாய்ச்சினான். அலறல் கேட்டு ஓடி வந்த அண்டை அரக்கர், துன்புறுத்துபவன் யார் என்று வெளியிலிருந்தே வினவினர். "ஒருவனுமில்லை" என்று விடை வந்தது. அப்படியானால் நமக்கென்ன என்று அவர்கள் திரும்பிவிட்டனர்! மறுநாட் காலையில், ஆடுகளை மேய்ச்சலுக்கு விடுவதற்காகக் குருடன் தானே பாறையை நீக்கினான். ஆட்டுக் கடாக்களின் வயிற்றின் கீழே தொங்கியவாறு மனிதர் வெளியேறினர்.

துருக்கிய மக்களின் 'தேதே கோர்குத்' என்னும் கதைத் தொகுதியிலும் இத்தகைய அரக்கன் ஒருவன் உண்டு. அவன் பெயர் தேபெகோஸ். நாள்தோறும் இரண்டு மனிதரும் 500 ஆடுகளும் அவனுக்கு ஆகாரம். அம்பும் வாளும் துளைக்காத அவன் உடலில் கண் ஒன்றே மென்மையானது. பாஸாத் என்னும் வீரன் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் அக்கண்ணைக் குத்தி, ஆட்டுத் தோலைப் போர்த்துக்கொண்டு தப்புகிறான்.

ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் வாழும் பாஸ்க் மக்கள் தங்கள் அரக்கனை டார்ட்டலோ என்பர். அவர்கள் கதையில் அரக்கன் தந்த மோதிரம், "இதோ இருக்கிறேன்!" என்று ஓயாமல் கூவித் தப்பியோடுபவனைக் காட்டிக் கொடுக்கிறது. விரலை விட்டு அது கழலவில்லை. அவன் விரலையே வெட்டி நீரில் எறிகிறான்; குரலைத் தொடர்ந்து பாய்ந்த அரக்கன் மூழ்கிப் போகிறான்.

எஸ்தோனியர் கதையிலே மனிதன் தன் பெயரைத் 'தானே' என்று சொல்லிவிட்டு, பிசாசின் கண்ணில் உருக்கிய உலோகத்தை வார்க்கிறான். இதைச் செய்தவன் யார் என்று உழவர்கள் கேட்க, "தானே செய்தான்" என்கிறது பிசாசு. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள்.

ஜெர்மானியப் பண்டிதர் வில்ஹெல்ம் கிரிம் 1857-ஆம் ஆண்டிலேயே இக்கதைகளை ஒப்பிட்டு எழுதினார். பின்லாந்து அறிஞர் ஆஸ்கர் ஹாக்மன் 1904-இல் 200-க்கு மேற்பட்ட வடிவங்களைத் தொகுத்தார். இவை யாவும் ஹோமரிடமிருந்து பரவியவை என்று சொல்வதற்கில்லை. ஹோமரிடம் கூவும் மோதிரம் இல்லை. மற்றக் கதைகள் பலவற்றில் பெயர்த் தந்திரம் இல்லை. தனித்தனியே வழங்கிய இரு கதைகளை ஹோமர் ஒன்றாக இணைத்தார் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

நம் மகாபாரதத்து வனபர்வத்திலும் விருந்தினரைக் கொல்லும் அரக்கர் இருவர் உண்டு. இல்வலன் தன் தம்பி வாதாபியை ஆடாக்கிச் சமைத்துப் பரிமாறுவான். பிறகு பெயர் சொல்லி அழைக்க, உண்டவர் வயிற்றைக் கிழித்துக்கொண்டு தம்பி வெளிவருவான். அகஸ்தியரோ, அழைப்பு வருமுன்னரே வாதாபியை ஜீரணித்துவிட்டார். கதை வேறு, நீதி ஒன்றே. விருந்து என்னும் தர்மத்தை வலையாக்கியவன் அந்த வலையிலேயே வீழ்கிறான். தனக்காகவே வாழ்ந்த பாலிபீமஸுக்கும் ஆபத்து வேளையில் துணை நிற்பார் ஒருவருமில்லை.

ஆயினும் ஹோமர் கதையை இத்துடன் முடிக்கவில்லை. கப்பல் கரையை விட்டு அகன்றதும் ஒடிஸியஸுக்குக் கர்வம் மேலிட்டது. தோழர் தடுத்தும் கேளாமல், தன் உண்மைப் பெயரையும் ஊரையும் உரக்கக் கூவினான். பெயர் கிடைத்ததும் அரக்கன், தன் தந்தையாகிய சமுத்திர தேவனிடம் முறையிட்டுச் சபித்தான். அதன் பயனாகக் கப்பல்களையும் தோழர் அனைவரையும் இழந்து, பல ஆண்டுகள் அலைந்து, தன்னந்தனியனாய் ஊர் சேர்ந்தான் ஒடிஸியஸ்.

'ஒருவனுமில்லை' என்றிருந்த வரையில் அவனை அரக்கனாலும் வெல்ல முடியவில்லை. 'நான்' என்று அவன் கூவிய கணத்திலேதான் துன்பம் தொடங்கிற்று. குகையினின்றும் வெளியேறப் புத்தி போதும். வீடு வந்து சேர அடக்கமும் வேண்டும். இன்றிரவு குழந்தைகள் ராட்சதன் கதை கேட்டால், இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.