மேசைக் கணினியின் மின்வழங்கி: தரங்காணும் முறை

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், சவ்வாது மலையின் கிழக்கே அமைந்தது கண்ணமங்கலம். மலைவாழ் மக்களின் பாட்டுகளையும் கதைகளையும் வழக்குச் சொற்களையும் தொகுக்க முற்படும் ஆய்வு மாணவர்க்குத் தங்குமிடமாகப் பெரிதும் பொருந்தும் ஊர் இது. பகலில் மலையேறிப் பதிவு செய்தவற்றை இரவில் கணினியில் ஏற்றி வகைப்படுத்தி வைத்தல் இன்றைய களஆய்வின் நடைமுறை. படியெடுத்து வைக்கும் முன்னரே அக்கணினியின் ஹார்டு டிஸ்க் பழுதுபடுமாயின், பாடிய முதியவர் மறைந்தபின் அப்பாட்டை மீண்டும் பெற வழியில்லை. ஏட்டைக் கரையானுக்கு இரையாக்கிய இழப்போடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கது இது. ஆதலின், கணினிக்கு மின்னூட்டும் உறுப்பைத் தேர்வது கடைக்காரர் பொறுப்பென்று விட்டுவிடத் தக்கதன்று. தமிழ் பயில்வோரும் அறிந்திருத்தற்குரியது.

கடைத்தெருவில் இவ்வுறுப்பை எஸ்.எம்.பி.எஸ். என்பர். மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை நிறுத்தியும் விடுத்தும் மாற்றுதலால் வந்த பெயர் அது. ஈண்டு மின்வழங்கி என்றே குறிப்போம். வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக்கித் தருதல் இதன் தொழில். உயர்தர மின்வழங்கியில் இம்மாற்றம் இரு படிகளாக நிகழும். முதற்படியில் வரும் மின்சாரம் ஏறத்தாழ 380 முதல் 400 வோல்ட் வரை உயர்த்தப்பெற்று ஒரு பெரிய மின்தேக்கியில் சேர்த்து வைக்கப்படும். அடுத்த படியில் அது வேண்டும் அளவிற்குக் குறைக்கப்படும். கழனிகளில் பம்புசெட்டுகள் ஒருசேர ஓடும்பொழுது ஊரின் மின்னழுத்தம் தாழ்தல் எவரும் கண்டதே. முதற்படி செவ்வனே அமைந்த மின்வழங்கி அத்தாழ்வைக் கணினிக்குத் தெரியாமல் தாங்கிக்கொள்ளும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் எனப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதன் பொருள் இதுவே.

இனி, வாங்குவோர் முதற்கண் நோக்குவது பதக்கப் பெயரை. எய்ட்டி பிளஸ் என்னும் தரச்சான்று 2004-இல் தோன்றியது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்னும் படிகள் 2008-இலும், பிளாட்டினம் 2009-இலும், டைட்டானியம் 2012-இலும் அதனோடு சேர்ந்தன. இச்சான்று முதன்மையாக அளப்பது திறனையே. அதாவது, உட்கொண்ட மின்சாரத்தில் எத்துணைப் பகுதி கணினிக்குச் சென்றது, எத்துணை வெப்பமாய்க் கழிந்தது என்பதையே. இதன் பயனைக் கணக்கிட்டுக் காண்போம். எழுத்துப்பணிக்கும் ஒலிப்பதிவுப் பணிக்கும் உரிய கணினி 150 வாட் கொள்வதாக வைத்துக்கொள்வோம். 750 வாட் மின்வழங்கிக்கு இஃது ஐந்தில் ஒரு பங்குச் சுமை. இச்சுமையில், 230 வோல்ட் மின்சாரத்தில், தங்கப்படி 90 விழுக்காடும் டைட்டானியப் படி 94 விழுக்காடும் திறன் காட்டல் வேண்டும் என்பது விதி. முன்னது 166.7 வாட் உட்கொள்ளும், பின்னது 159.6 வாட். நாளொன்றுக்கு 8 மணி நேரமாக ஆண்டில் 300 நாள் உழைத்தாலும் வேறுபாடு 17 யூனிட்டே. யூனிட் 10 ரூபாய் என மிகுத்துக் கொள்ளினும் மிச்சம் 170 ரூபாய். இதற்காகச் சில ஆயிரம் ரூபாய் மிகையாகக் கொடுப்பது சிக்கனம் ஆகாது. மேலும், அச்சோதனை 23 பாகை வெப்பமுள்ள அறையில் நிகழ்த்தப்படுவது. சித்திரை வைகாசியில் வேலூர்ப் பகுதியின் வெயிலை அறிந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

அவ்வாறாயின் உயர்விலை மின்வழங்கியால் பயனே இல்லையோ எனின், உண்டு. அது வேறிடத்தில் உள்ளது. மின்சாரம் நின்ற கணத்திலிருந்து மின்வழங்கி தன் சேமிப்பைக் கொண்டு கணினியைத் தாங்கும் காலத்தைத் தாங்குநேரம் எனலாம். இன்டெல் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். 3.1 வரையறை, முழுச்சுமையில் 12 மில்லிநொடியும் எண்பது விழுக்காட்டுச் சுமையில் 17 மில்லிநொடியும் வேண்டும் என்கிறது. நம் மின்சாரத்தின் ஓர் அலை 20 மில்லிநொடி என்பதை நினைக. மின்தேக்கியில் உள்ள ஆற்றல் சுமைக்கேற்பச் செலவாவதால், சுமை குறையுந்தோறும் தாங்குநேரம் நீளும். 750 வாட்டில் 12 மில்லிநொடி தாங்குவது 150 வாட்டில் ஏறத்தாழ 60 மில்லிநொடி தாங்கும். பெரிய மின்வழங்கியின் உண்மைப் பயன் இதுவெனக் கருதுகிறோம். மலையடி ஊர்களில் விளக்கு ஒருமுறை இமைத்து மீளும் அளவே மின்சாரம் தடைப்படுதல் மிகுதி. அவ்விமைப்பில் எளிய மின்வழங்கி வீழ்ந்துவிடும்; கோப்பு எழுதப்படும் நேரமாயின் அக்கோப்பும் சிதையும். யு.பி.எஸ். வைத்திருப்பினும், அது மின்கலத்திற்கு மாறச் சில மில்லிநொடிகள் செல்லும். வீட்டு இன்வெர்ட்டரோ, யு.பி.எஸ். நிலையில் வைக்கப்படாதபோது, இன்னும் தாமதிக்கும். அந்த இடைவெளியைக் கடத்துவது தாங்குநேரமே. சதுர அலை தரும் இன்வெர்ட்டரோடு சில உயர்தர மின்வழங்கிகள் ஒத்து இயங்குவதில்லை என்பதையும் வாங்குமுன் உசாவி அறிதல் நன்று.

அடுத்து நோக்கத்தக்கவை வெளிவரும் மின்சாரத்தின் செம்மையும் உறுப்புகளின் வாழ்நாளும். 12 வோல்ட் என்றால் 11.4-க்குக் கீழும் 12.6-க்கு மேலும் போதல் கூடாது; அதன்மேல் படரும் சிற்றலை 120 மில்லிவோல்ட்டைத் தாண்டலாகாது. நல்லவை இவ்வெல்லைக்குள் மிகவும் ஒடுங்கி நிற்கும். இவற்றை நாமே அளத்தல் இயலாதாயினும், ஆய்வுக்கூடத்தார் வெளியிடும் அட்டவணைகளைப் படித்தறியலாம். சுவடியின் பழமையைக் கட்டுக்கயிற்றைக் கண்டு முடிவு செய்யாத நாம், மின்வழங்கியை மட்டும் பெட்டியின் வண்ணங்கண்டு வாங்குதல் முறையன்று. முழு ஆற்றலை எவ்வெப்பநிலை வரை தரும் என்ற குறிப்பையும் தேடுக. 50 பாகை எனக் குறித்தது 40 பாகை எனக் குறித்ததினும் நம் நாட்டுக்கு ஏற்றது. மின்தேக்கிகள் 105 பாகைக்கு உரியனவா என்றும் காண்க. வெப்பம் பத்துப் பாகை ஏறினால் மின்தேக்கியின் வாழ்நாள் ஏறத்தாழப் பாதியாகும் என்பர் பொறியியலார். ஆகவே 85 பாகைக்கு உரியதைவிட 105 பாகைக்கு உரியது நான்மடங்கு வாழும் எனக் கொள்ளலாம்.

எத்துணை உயர்ந்த மின்வழங்கியும் எர்த் இல்லாத வீட்டில் தன் கடமையை முழுதும் செய்ய மாட்டாது. கணினிப் பெட்டியின் இரும்பைப் புறங்கையால் தொடும்போது மெல்லிய சிலிர்ப்பு உண்டாவதைப் பலர் உணர்ந்திருப்பர். மின்வழங்கியின் இரைச்சல் வடிகட்டியிலிருந்து கசியும் சிறு மின்சாரம் நிலத்துக்குச் செல்ல வழியின்றிப் பெட்டியில் நிற்பதே அதற்குக் காரணம். மின்வழங்கியைப் பழித்துப் பயனில்லை. மூன்றாம் துளையில் கம்பி உண்டா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்தல் வேண்டும். கோடை இடி மலையில் உருளும்போது பிளக்கைக் கழற்றி வைப்பது எல்லாக் காப்பினும் மேலான காப்பு.

இறுதியாக, கடைக்காரரும் பெரும்பாலும் கூறாத ஒன்று. உயர்தர மின்வழங்கிகளில் வடங்கள் தனியே கழற்றி மாட்டத்தக்கனவாக இருக்கும். கணினி உறுப்பில் செருகும் முனை எங்கும் ஒன்றே. மின்வழங்கியில் செருகும் முனையின் கம்பி வரிசைக்கோ பொது வரையறை இல்லை. ஒரே நிறுவனத்தின் இருவேறு வகைகளுக்குள்ளும் அது மாறுவதுண்டு. பழைய மின்வழங்கியின் வடம் புதியதிலும் வடிவத்தால் பொருந்திவிடும். ஆனால் 5 வோல்ட் செல்லவேண்டிய கம்பியில் 12 வோல்ட் பாய, ஹார்டு டிஸ்க் ஒரு நொடியில் எரிந்துபோகும். பல்லாண்டுத் தொகுப்பு இவ்வாறு அழிதல் கூடும். எனவே, மின்வழங்கியை மாற்றுங்கால் பழைய வடங்கள் அனைத்தையும் அதனோடு சேர்த்துக் கட்டி, பெயர் எழுதி, வேறிடத்தில் வைத்துவிடுக.