உப்பு, பழந்துணி, உளவாளியின் கைரேகை

ஃபேஷன் ஷோவுக்கு வருகிறவர்களின் நாற்காலியில் ஒரு காகிதம் வைத்திருப்பார்கள். மேடையில் வரப்போகிற உடைகள் எதிலிருந்து பிறந்தன என்று வடிவமைப்பாளர் அதில் ஒரு பத்தி எழுதியிருப்பார். பாட்டி வீட்டுத் தோட்டம், பாலைவனத்து நட்சத்திரங்கள், மழையில் நனைந்த நகரம் என்று எதுவாகவும் இருக்கலாம். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் இந்தப் பத்திக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மெனக்கெடுவார்கள். பெயர் இன்னும் நிலைக்காதவர்களுக்குக் கதைதான் விலாசம். படிக்கிற நாம் ஆகா என்று வியப்போம், இல்லாவிட்டால் ஒரு சட்டைக்கு இத்தனை தத்துவமா என்று சிரிப்போம். இரண்டுமே அவசரம் என்றுதான் தோன்றுகிறது. அந்தப் பத்தியை உரசிப் பார்க்க ஒரு வழி உண்டு. இந்தக் கதை இல்லாமலே இந்த உடை இப்படியே வந்திருக்குமா என்று கேட்க வேண்டும். வந்திருக்கும் என்றால் கதை வெறும் ஒட்டுச்சீட்டு. துணியோ வெட்டோ தையலோ செய்த முறையோ அந்தக் கதையால்தான் இப்படி ஆயிற்று என்றால் அந்த இளைஞரைக் கவனிக்கலாம். கடந்த சில ஆண்டுகளில் உலகம் திரும்பிப் பார்த்த புதியவர்கள் சிலரை இந்த உரைகல்லில் வைத்துப் பார்த்தால், கற்பனை என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது பெரும்பாலும் படிப்பும் அலைச்சலும்தான் என்று தெரிகிறது.

தெபே மகுகு 1993இல் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் பிறந்தவர். வைரச் சுரங்கத்தால் பேர்பெற்ற ஊர் அது. ஜோகன்னஸ்பர்க்கில் படித்து, அங்கேயே 2016இல் தன் பெயரில் தொழில் தொடங்கினார். லூயி வித்தோனின் தாய் நிறுவனமான எல்விஎம்ஹெச் இளம் வடிவமைப்பாளர்களுக்குத் தரும் 3 லட்சம் யூரோ பரிசை 2019இல் வென்றார். ஆப்பிரிக்காவிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். தன் உடைத் தொகுப்புகளுக்கு நிலவியல், மனையியல், கலை வரலாறு என்று பாடப் பெயர்களை வைப்பது அவர் வழக்கம். கொஞ்சம் குறும்புதான், ஆனால் பெயர் வைத்த பாடத்தை உட்கார்ந்து படிக்கவும் செய்கிறார். நிறவெறி ஆட்சிக் காலத்து உளவாளிகளைப் பற்றி ஒரு தொகுப்பு செய்தபோது, உளவு வேலையில் இருந்தவர்களையே தேடிப்பிடித்துப் பேசினார். ஒரு முன்னாள் பெண் உளவாளியின் கைரேகையைப் பெரிதாக்கித் துணியில் புள்ளி புள்ளியாக அச்சடித்தார். தள்ளி நின்று பார்த்தால் போல்கா புள்ளி போட்ட சாதாரணத் துணி. பக்கத்தில் போனால் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் வரிவரியாக ரேகை. தூரத்தில் சாதாரண ஆளாகத் தெரிவதுதானே உளவாளியின் தொழிலும்! இன்னொரு தொகுப்பில் பாரம்பரிய வைத்தியர் ஒருவரைக் குறி பார்க்கச் சொல்லியிருக்கிறார். நம்மூரில் சோழி போடுவதைப்போல, அவர் ஆட்டுக் கணுவெலும்பு, சிவப்புப் பகடை, போலீஸ் விசில் என்று கலவையாகப் பாயில் வீசினார். அவை விழுந்த வாக்கிலேயே படமெடுத்துத் துணியில் ஏற்றினார் மகுகு. மேசையில் உட்கார்ந்து வரைகிற கை எதையும் ஒழுங்காக இடைவெளி விட்டு அடுக்கிவிடும். வீசி எறிந்ததின் தாறுமாறு கற்பனையில் வராது. யாராவது வீசித்தான் ஆக வேண்டும். அந்த உடைகள் 2022இல் லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் நடத்திய ஆப்பிரிக்க ஃபேஷன் கண்காட்சிக்கும் போயின.

லண்டன்காரர் பிரியா அலுவாலியாவின் பாடம் குப்பைமேட்டில் தொடங்கியது. பெற்றோரில் ஒருவர் இந்தியர், மற்றவர் நைஜீரியர். லாகோஸ் போயிருந்தபோது, பிரிட்டனில் யாரோ போட்டுக் கழித்த உடைகளைத் தெருவோர வியாபாரிகள் போட்டிருப்பதைப் பார்த்தார். இவை எந்த வழியாக இங்கே வருகின்றன என்று கேட்டுக்கொண்டே போனவர் ஹரியானாவின் பானிபட்டில் வந்து நின்றார். பணக்கார நாடுகள் கழித்த கம்பளி உடைகள் மலைமலையாக வந்து குவியும் ஊர் அது. அங்கே அவற்றை நிறவாரியாகப் பிரிக்கிறார்கள். அரிவாள்மனையைப்போல நிமிர்ந்து நிற்கும் கத்திக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்து பட்டன், ஜிப், லேபிள் எல்லாவற்றையும் அறுத்தெடுக்கிறார்கள். மிஞ்சிய துணி இயந்திரத்தில் பஞ்சாகக் கிழிபட்டு, மறுபடி நூலாகி, மலிவு விலைப் போர்வையாகிறது. இந்த வித்தையே 1813 வாக்கில் இங்கிலாந்தின் பேட்லி நகரில் தொடங்கியதுதான். அந்த நூலுக்கு ஷாடி என்று பெயர் வைத்தார்கள். பிறகு மட்டமான வேலைக்கெல்லாம் ஆங்கிலத்தில் அதுவே சொல்லாகிவிட்டது. பானிபட்டில் எடுத்த படங்களை 2018இல் ‘ஸ்வீட் லஸ்ஸி’ என்று புத்தகமாகப் போட்டார் அலுவாலியா. 2019இல் ஹெச் அண்டு எம் நிறுவனத்தின் வடிவமைப்புப் பரிசு கிடைத்தது. 2020இல் கொரோனாவால் எல்விஎம்ஹெச் இறுதிப் போட்டி நடக்காமல் போய், கடைசிச் சுற்றுக்கு வந்த 8 பேருக்கும் பரிசுப் பணம் பகிரப்பட்டபோது அந்த எட்டில் இவரும் ஒருவர். ஆனால் பரிசைவிட, அந்த ஊர் இவருடைய கத்தரிக்கோலை மாற்றியதுதான் முக்கியம். புதுத் துணி என்றால் ஒரே தானிலிருந்து நூறு சட்டை ஒன்றுபோல வெட்டலாம். பழந்துணியில் அது நடக்காது. ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒரு அளவு, ஒரு இடத்தில் கறை. பேட்டர்னையே சின்னச் சின்னத் துண்டாக உடைத்து ஒட்டுத்தான் போட வேண்டும். அவருடைய உடைகளில் காணும் அந்த ஒட்டு அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. வேறு வழியில்லாமல் வந்து, பிறகு அழகானது.

அணிகலனிலும் இதே கதைதான். நைரோபியைச் சேர்ந்த ஆமி தோஷி ஷா பித்தளை நகைகளில் உப்புப் படிகங்களைச் சேர்த்து ஒரு தொகுப்பு செய்தார். உப்பு உணவைக் கெடாமல் காக்கும். அதே உப்பு உலோகத்தை அரிக்கும். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தில் பச்சைக் களிம்பு ஏறினால் புளியைப் போட்டுத் தேய்க்கிறோம். சைவ சித்தாந்தமோ செம்பில் ஒட்டிய களிம்பை உயிரைப் பற்றிய அழுக்குக்கே உவமையாக்கியது. நகைக் கடைக்காரருக்கும் அது குறைதான். இந்தத் தொகுப்பில் அந்தக் குறையே வேலைப்பாடு. நகை என்றால் மாறாமல் பளபளக்க வேண்டும் என்ற நினைப்பை உப்பு உடைத்துவிடுகிறது.

நியூயார்க்கின் டெல்ஃபர் கிளெமென்ஸ் எடுத்துக்கொண்டது இன்னும் சாதாரணமான பொருள்: ப்ளூமிங்டேல்ஸ் கடையில் துணி வாங்கினால் போட்டுக் கொடுக்கும் காகிதப் பை. பெற்றோர் லைபீரியாவிலிருந்து வந்தவர்கள். 2005இலேயே தொழில் தொடங்கியிருந்தாலும் 2014இல் வந்த கைப்பைதான் அவரைத் தூக்கிவிட்டது. அந்தக் காகிதப் பையின் அளவுகளையே எடுத்து, செயற்கைத் தோலில் மூன்று அளவுகளில் செய்தார். கையில் பிடிக்கச் சின்னப் பிடி, தோளில் மாட்ட நீளப் பிடி, முன்பக்கம் புடைத்த எழுத்து முத்திரை, அவ்வளவுதான். ஆரம்ப விலை 150 டாலர். மலிவு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைப்பை விற்கும் தெருவில் அது வேறு கணக்கு. கதை அளவோடு நிற்கவில்லை. பெரிய நிறுவனங்கள் சரக்கைக் குறைத்துக் காட்டி மதிப்பை ஏற்றும். இவரோ 2020 ஆகஸ்டில் ஒரு நாள் முழுக்க, யார் எத்தனை பை கேட்டாலும் பணத்தை வாங்கிக்கொண்டு, செய்து தருகிறேன் என்று முன்பதிவைத் திறந்துவிட்டார். கடைக்குப் போகிற எல்லாருக்கும் கிடைப்பது காகிதப் பை. அந்தக் குணத்தை விற்பனை முறைக்கும் கொண்டுவந்துவிட்டார். அமெரிக்க ஃபேஷன் வடிவமைப்பாளர் கவுன்சில் அந்த ஆண்டின் சிறந்த அணிபொருள் வடிவமைப்பாளராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

வாங்குகிறவருக்கு இதெல்லாம் தெரியுமா, கலர் பிடித்தால் வாங்குவார், பிடிக்காவிட்டால் போவார், அவ்வளவுதானே என்று கேட்கலாம். உண்மைதான். கைரேகைத் துணியைப் போல்கா என்றே நினைத்து வருஷக்கணக்கில் உடுத்துகிறவர்கள் இருக்கக்கூடும். அதில் ஒரு நஷ்டமும் இல்லை. வத்தக்குழம்பு ருசிக்க, சுண்டைக்காயை எத்தனை நாள் மோரில் ஊறப்போட்டுக் காயவைத்தார்கள் என்று தெரிய வேண்டியதில்லை. ஊறப்போடாமல் அந்த ருசி வராது என்பதுதான் விஷயம். நான் சொல்லும் உரைகல் வாங்குகிறவருக்குத் தேர்வு வைப்பதற்காக அல்ல. செய்கிறவர் உண்மையில் எங்கே உழைத்தார் என்று காட்டுவதற்காக.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பெல்ஜியத்துப் பையன் வெறும் கோட்டையும் வட்டத்தையும் வைத்து விளையாடலாம். ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிற பிள்ளைகள் மட்டும் பாட்டி, பூர்வீகம், பாரம்பரியம் என்று எதையாவது கையோடு கொண்டுவந்து காட்ட வேண்டுமா? பாரிஸுக்குள் நுழைய அதுதான் டிக்கெட் கட்டணமா? இதை நான் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். மேலே சொன்னவர்கள் பலருக்கும் இந்தச் சுமை இருக்கிறது. ஆனால் சந்தை கேட்கிற பாரம்பரியம் வேறு, இவர்கள் தோண்டி எடுப்பது வேறு. ஆப்பிரிக்கத் துணி என்றதும் உலகம் நினைக்கிற பளீர் வண்ண வாக்ஸ் பிரிண்ட், 19ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் மெழுகு வைத்துச் சாயமேற்றும் ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்து இயந்திரத்தில் அடித்த சரக்கு. அது மேற்கு ஆப்பிரிக்காவில் விலைபோய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. நம் மதராஸ் கட்டத் துணி இன்னொரு விதமாகப் போயிற்று. நைஜர் கழிமுகத்து களபாரி மக்கள் அதை வாங்கி, சில நூல்களை மட்டும் கவனமாக அறுத்து உருவி, கட்டத்துக்குள் வேறு உருவம் தெரியும்படி செய்தார்கள். பெலெட்டே பிட்டே என்று அதற்குப் பெயர். ஒரு இழைகூடச் சேர்க்காமல், எடுத்தே இன்னொரு துணியைப் படைத்துவிட்டார்கள். பாரம்பரியம் என்று நாம் பெட்டியில் பூட்டிவைப்பதே இப்படிக் கைமாறி வெட்டுப்பட்டு வந்ததுதான். மகுகு எடுத்தது பழங்குடிக் கோலத்தை இல்லை, உளவுத் துறையை. சந்தை அதைக் கேட்டிருக்காது.

உடை யாருடைய பெயரில் வர வேண்டும் என்ற மூன்றாவது கேள்விக்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை. என் உரைகல்லே என்னை அங்கே கொண்டுபோய் விடுகிறது. ராகுல் மிஸ்ரா 2006இல் லக்மே ஃபேஷன் வீக்கின் புதியவர்கள் மேடைக்கு வந்தபோது கேரளக் கைத்தறியை எடுத்து, உள்ளும் புறமுமாக மாற்றி உடுத்தக்கூடிய உடைகளைச் செய்தார். 2014இல் கம்பளி உடை வடிவமைப்புக்கான சர்வதேச வுல்மார்க் பரிசை வென்ற முதல் இந்தியர் ஆனார். 2020 ஜனவரியில் பாரிஸின் ஓத் கூத்யூர் (அளவெடுத்துக் கையால் செய்யும் உயர்ரக உடைகள்) வாரத்துக்கும் போனார். அவருடைய பலம் கையெம்பிராய்டரி. ஒரே உடையில் பல பேர் மாதக்கணக்கில் ஊசி போடுகிறார்கள். மும்பைச் சேரிகளில் நெருக்கியடித்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பி அங்கிருந்தே வேலை செய்ய வேண்டும் என்பது அவர் வெளிப்படையாகச் சொல்லிவரும் நோக்கம். நல்லதுதான். ஆனால் இந்தக் கதை இல்லாமல் இந்த உடை வந்திருக்காது என்பதற்காக ஒரு வடிவமைப்பாளரை மெச்சினால், இந்தக் கை இல்லாமலும் அது வந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கத்திக்கு முன்னால் உட்கார்ந்து பட்டன் அறுக்கிற பானிபட் பெண்ணும் அந்தக் கணக்கில் வருவாள். சினிமாவில் படம் முடிந்து ஆட்கள் எழுந்து போன பிறகும், லைட் பிடித்தவர் வரைக்கும் பெயர் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாற்காலியில் வைக்கும் காகிதத்தில் இன்னும் பெரும்பாலும் ஒரே பெயர்தான்.